மேட்ச் அன்றைக்குக் கை நடுங்குகிறதா? பள்ளி விளையாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் மனப்பயிற்சி

பதினொன்றாம் வகுப்பில் மாவட்ட அளவிலான வாலிபால் போட்டி. கடைசி செட். 13-14 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், சர்வீஸ் என் கையில். அந்த சர்வீஸை பிராக்டிஸில் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது, தூக்கத்தில் எழுப்பிப் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு விசில் அடித்ததும் தலைக்குள் ஓடியது ஒரே ஒரு வரிதான்: "நெட்டில் மட்டும் அடிச்சிடாதே." நெட்டில்தான் அடித்தேன். மேட்ச் முடிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பயிற்சியாளர் மட்டும், "உனக்கு மனசு பத்தலடா" என்றார்.

ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். சிலருக்குப் பிறவியிலேயே தைரியம் இருக்கும், எனக்கு இல்லை, அவ்வளவுதான் என்று. பிறகு நானே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் வாலிபால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, இந்த விளையாட்டு உளவியல் என்கிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தபோதுதான் புரிந்தது. சர்வீஸ் போட எனக்குத் தோள், மணிக்கட்டு, கால் வைக்கும் இடம் எல்லாம் சொல்லித்தந்திருந்தார்கள். சர்வீஸுக்கு முந்தைய எட்டு நொடியில் மனசை எங்கே வைப்பது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டுரை அந்த எட்டு நொடிக்காகத்தான். நீ கபடி ஆடுகிறாயோ, 400 மீட்டர் ஓடுகிறாயோ, செஸ் போர்டு முன்னால் உட்கார்கிறாயோ, உன் ஆட்டத்திலும் அப்படி ஒரு எட்டு நொடி நிச்சயம் இருக்கும்.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது

இந்தத் துறையின் கதை ஒரு மீன்பிடி உருளையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்றொருவர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பக்கத்தில் ஆள் இருந்தால் வேகமாக ஓட்டுவதைக் கவனித்தார். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று தூண்டில் நூல் சுற்றும் உருளையைச் சிறுவர் சிறுமியர் கையில் கொடுத்துத் தனியாகவும் போட்டியாகவும் சுற்றவைத்தார். 1898-இல் முடிவை வெளியிட்டார். பாடப்புத்தகங்களில் "போட்டி இருந்தால் வேகம் கூடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அவர் அலசிய 40 பிள்ளைகளில் 20 பேருக்குத்தான் வேகம் கூடியது. 10 பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மீதி 10 பேருக்குப் போட்டி என்றதும் கை தடுமாறி வேகம் குறைந்துவிட்டது. அந்தப் பத்துப் பேரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் அந்தக் கட்சி.

போட்டி என்றதும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை வேர்க்கிறது, வயிறு கலக்குகிறது, நாக்கு வறளுகிறது, திரும்பத் திரும்ப பாத்ரூம் வருகிறது. இதெல்லாம் நோய் கிடையாது, கோழைத்தனமும் கிடையாது. தசைகளுக்கு அதிக ரத்தம் அனுப்ப உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஒலிம்பிக் வீரருக்கும் இதேதான் நடக்கிறது.

பிரச்சினை அளவில் இருக்கிறது. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து ஒரு விஷயம் வந்தது: எளிய வேலைக்குத் தூண்டுதல் எவ்வளவு கூடினாலும் ஓரளவு தாங்கும், நுணுக்கமான வேலைக்குக் கொஞ்சம் கூடினாலே கெட்டுப்போகும். எலிக்கதையை அப்படியே மனிதனுக்குப் பொருத்தக்கூடாதுதான், ஆனாலும் மைதானத்தில் இது நன்றாகவே தெரியும். குண்டு எறிபவன் கத்திக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டு, ரத்தம் கொதிக்க வட்டத்துக்குள் போகலாம். அதே சூட்டோடு கேரம் போர்டில் சிவப்புக் காயை அடிக்கப் போனால் ஸ்டிரைக்கர் பாக்கெட்டுக்குள் போய் விழும். ஒரே ஆட்டத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. கபடியில் ரைடரைச் சங்கிலி போட்டு மடக்கும்போது வேண்டிய வெறி வேறு. போனஸ் கோட்டைத் தாண்டக் கால் நீட்டும்போது வேண்டிய நிதானம் வேறு.

ஆகவே முதல் வேலை உன் அளவைக் கண்டுபிடிப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும், வீட்டுக்குப் போவதற்குள், இரண்டே எண்ணை எழுது. ஆட்டத்துக்கு முன் எவ்வளவு படபடப்பு, பத்துக்கு எத்தனை? எப்படி ஆடினேன், பத்துக்கு எத்தனை? பத்துப் பன்னிரண்டு மேட்ச் ஆனதும் புரட்டிப் பார். சிலர் 7-இல் இருக்கும்போதுதான் பிரமாதமாக ஆடியிருப்பார்கள், சிலர் 4-இல். என்னிடம் வரும் ஒரு பெண் எப்போதும் "டென்ஷனே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அரைத்தூக்கத்தில் ஆடுவாள். நோட்டைப் பார்த்தபோது, அவள் நன்றாக ஆடிய நாளெல்லாம் 6-க்கு மேல்தான். அவளுக்கு அமைதிப்படுத்தும் பயிற்சி கொடுத்தால் அது கெடுதல். மேட்ச்சுக்கு முன் நாலு தடவை குதித்து, ஒரு வேக ஓட்டம் ஓடச் சொல்கிறோம். யாரோ யூடியூபில் "கண்ணை மூடி தியானம் செய்யுங்கள்" என்றால் அது எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைக்காதே.

மூச்சு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாக வேகமாகும், விடும்போது மெதுவாகும். எனவே, விடும் நேரத்தை நீட்டினால் படபடப்பு கொஞ்சம் இறங்கும். நாலு எண்ணும்வரை மூக்கால் இழு, ஆறு எண்ணும்வரை வாயால் விடு. ஐந்து தடவை, ஒரு நிமிடம்கூட ஆகாது. மார்பு தூக்கி இழுக்காமல் வயிறு உப்ப இழுக்க வேண்டும், கையை வயிற்றில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மேட்ச் அன்றைக்குத்தான் முதல் தடவை இதைச் செய்து பார்த்தால் ஒன்றும் ஆகாது. தினமும் படுக்கும்போது பத்துத் தடவை செய்து பழக்கியிருந்தால்தான் மைதானத்தில் உடம்புக்கு அது ஞாபகம் வரும்.

இன்னொன்று. படபடப்பை முழுசாக அடக்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை. 2014-இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர், பாடவோ மேடையில் பேசவோ போகிறவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். யோசித்தால் நியாயம்தான். இதயம் தடதடவென்று அடிக்கும்போது "நான் அமைதி" என்றால் உடம்பே சிரிக்கும். அதனால் எங்கள் பிள்ளைகள், "பயமா இருக்கு சார்" என்பதற்குப் பதில் "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு சார்" என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். அவர்களாகவே கண்டுபிடித்த வார்த்தை அது, நான் சொல்லிக்கொடுத்ததல்ல.

குரங்கும் மருந்தும்

குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மருந்தை எடுத்ததும் குரங்குதான் வந்து நிற்கும். என் சர்வீஸ் கதையும் அதுதான். "நெட்டில் அடிக்காதே" என்று சொல்லிக்கொள்ளும்போது மனசில் வந்து நிற்கும் படம் நெட். கண்ணும் நெட்டைப் பார்க்கிறது. கை அங்கேதான் போகும்.

அதனால் உனக்கு நீயே சொல்லிக்கொள்ளும் வார்த்தையில் "கூடாது", "விட்டுடாதே", "தப்பு பண்ணிடாதே" எதுவும் இருக்கக்கூடாது. செய்யவேண்டியதைச் சொல். சின்னதாக, ஒன்றிரண்டு சொல்லில். சர்வீஸ் போடுகிறவனுக்கு "உயரம்". ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார்ந்திருப்பவளுக்கு "தள்ளு". பேட்ஸ்மேனுக்கு "பந்தைப் பார்". நுணுக்கமான வேலைக்கு இப்படிச் செய்முறையைச் சொல்லும் வார்த்தைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டர் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கவேண்டிய இடத்தில் "தாங்கு, போ போ" போன்ற உசுப்பேற்றும் வார்த்தை போதும்.

ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நன்றாகக் கைவந்த விஷயத்தில், ஆட்டத்தின் நடுவே, "முழங்கை எத்தனை டிகிரி, மணிக்கட்டு எப்படி" என்று ஒவ்வொரு பாகமாக நீ கண்காணிக்க ஆரம்பித்தால் அது குழம்பிப்போகும். மாடிப்படியில் வேகமாக இறங்கும்போது எந்தக் கால் அடுத்தது என்று யோசித்துப் பார், தடுக்கிவிடும். சியன் பைலாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோல்ஃப் வீரர்களை வைத்து இதைத்தான் காட்டினார். தேர்ந்தவர்கள் தங்கள் கை அசைவைக் கவனித்து அடித்தபோது ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கு அந்தக் கவனிப்பு உதவியது. எனவே தொழில்நுட்பத் திருத்தமெல்லாம் பிராக்டிஸில், மேட்ச்சில் ஒற்றைச் சொல் மட்டும்.

இன்னொரு சின்னத் தந்திரம், கேட்டால் சிரிப்பாய். உன்னை நீயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசு. "நான் என்ன செய்யப்போறேன்" என்பதற்குப் பதில் "கவிதா, அடுத்த பந்தை லிஃப்ட்டருக்குக் கொடு." வெளியிலிருந்து ஒருத்தர் சொல்வது மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் விலகி நின்று பார்க்க முடியும். ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன.

அந்த எட்டு நொடி

வாலிபாலில் நடுவர் விசில் அடித்ததிலிருந்து 8 நொடிக்குள் பந்தை அடித்துவிட வேண்டும், இது விதி. பெரும்பாலான பிள்ளைகள் விசில் அடித்த மறு நொடியே அடித்துவிடுகிறார்கள், எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று. நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். ஃபுட்பால் பெனால்டியைப் பற்றி ஆராய்ந்த நார்வேக்காரர் கையர் யோர்டெட்டும், விசிலுக்குப் பிறகு அவசரப்பட்டு உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுவதைக் காட்டியிருக்கிறார். ஆகவே எட்டு நொடியையும் எடுத்துக்கொள், அது உன்னுடையது.

அதற்குள் என்ன செய்வது? ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி. என்னிடம் ஆடும் ஒரு பையனின் வரிசையைச் சொல்கிறேன். பந்தை வாங்கியதும் காற்றடிக்கும் துளை எங்கே என்று தேடி, அது தன்னைப் பார்க்கும்படி திருப்பிக்கொள்வான். மூன்று தடவை தரையில் தட்டுவான். தட்டும்போது பார்வை பந்தில் மட்டும், எதிரணி முகத்தில் இல்லை. நிமிர்ந்து எந்த இடத்துக்கு அனுப்பவேண்டுமோ அங்கே ஒரு பார்வை, வழக்கமாக ஐந்தாம் இடத்தில் நிற்பவனின் இடது தோள். ஒரு நீளமான மூச்சை விடுவான். "உயரம்" என்று முணுமுணுப்பான். தூக்கிப் போட்டு அடிப்பான். நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஆறரை நொடி. பிராக்டிஸில் யாரும் பார்க்காதபோதும் இதே ஆறரை நொடிதான். 24-24 என்று நிற்கும்போதும் அதேதான்.

அந்தத் துளையைத் தேடுவது எதற்கு? அங்கே எந்த மந்திரமும் இல்லை. அதைத் தேடும் நேரத்தில் ஸ்கோர் போர்டைப் பற்றி யோசிக்க அவனுக்கு இடமில்லை, அவ்வளவுதான். பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கட்டும். கண்ணுக்கும் கைக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கும் ராசிக் கைக்குட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. ராசி சாக்ஸ் வீட்டிலேயே மறந்துபோனால் என்ன ஆகும்? அன்றைக்கு ஆட்டமே போச்சு என்று நினைப்பாய். மூச்சும் பந்துத் தட்டலும் மறந்துபோகாது, யாரும் துவைக்கவும் போடமாட்டார்கள். சாமி கும்பிட்டுவிட்டு இறங்குவதை நான் குறை சொல்லவில்லை, நானும் கும்பிடுவேன். ஆனால் உன் ஆட்டம் உன் கையில் இருக்கும் விஷயத்தில் தொங்கவேண்டும்.

உன் ஆட்டத்தில் எந்த இடத்தில் நேரம் உன் கையில் இருக்கிறது என்று தேடிப் பிடி. கிரிக்கெட்டில் பந்துக்கும் பந்துக்கும் நடுவே. கபடியில் ரைடு போவதற்கு முன், நடுக்கோட்டைத் தாண்டும் வரை. நீளம் தாண்டுபவளுக்கு ஓட ஆரம்பிக்கும் குறியில். பேட்மிண்டனில் ஷட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கும் அந்த மூன்று அடியில்.

கண்ணை மூடி ஆடுவது

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் கதை உனக்குத் தெரிந்திருக்கலாம். 2008 பெய்ஜிங், 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதி. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து சுவரே தெரியவில்லை. அவர் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 நொடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். அவருடைய பயிற்சியாளர் பாப் போமன் சின்ன வயதிலிருந்தே அவரை ராத்திரி படுக்கும்போதும் காலையில் எழும்போதும் பந்தயத்தை முழுசாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்வாராம். எல்லாம் சரியாகப் போவதை மட்டும் ஓட்டவில்லை, கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதையும் ஓட்டினார் என்பதுதான் இதில் முக்கியம்.

பிள்ளைகள் இதைச் செய்யும்போது நேராகக் கோப்பை வாங்கும் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அது பகல் கனவு, சுகமாக இருக்கும், பயிற்சி ஆகாது. இப்படிச் செய்து பார். ஒரு சர்வீஸ், அல்லது ஓட்டத்தின் முதல் முப்பது மீட்டர், அதை மட்டும் எடுத்துக்கொள். டிவியில் பார்ப்பது மாதிரி வெளியிலிருந்து பார்க்காமல் உன் கண் வழியாகவே பார். பந்தின் சொரசொரப்பு, வெயிலில் சுட்ட தரை, சுண்ணாம்புக் கோடு, எதிரணிப் பிள்ளைகள் போடும் சத்தம், வயிற்றில் அந்தக் கலக்கம், எல்லாம் இருக்கட்டும். உண்மையில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமே ஆகவேண்டும், வேகமாக ஓட்டாதே. முடிந்தால் ஜெர்சியையும் ஷூவையும் போட்டுக்கொண்டு, நின்றபடி, லேசாகக் கையை அசைத்தே செய். ஐந்து நிமிடம் போதும். சிலருக்குப் படம் தெளிவாக வராது, உடம்பின் அசைவு மட்டும் உணரமுடியும். அதுவும் பலன் தரும், கவலை வேண்டாம்.

அப்புறம், வேண்டுமென்றே ஒரு கோளாறைச் சேர். சர்வீஸ் வெளியே போகிறது. அடுத்து என்ன செய்கிறாய்?

ஆடும் ஓட்டைப் பொறுக்கி வந்து போடு

கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்குப் போய் ஏழாவதாக முடித்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வாழ்நாள் முழுக்க அந்த ஓட்டைத் திட்டியிருப்போம். அவர் தன் வீட்டுப் பயிற்சிக் கூடத்திலேயே ஆடும் ஓடு ஒன்றைப் பதித்து, அதன் மேல் நின்று பயிற்சி எடுத்தார். பெய்ஜிங் போவதற்குச் சற்று முன் ஜெர்மனியில் நாற்பது அடி உயரக் கம்பத்தில் ஏறினார், பாதியில் பயத்தில் நின்றுவிட்டு, அப்புறம் உச்சிவரை. பயத்தோடு ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. 2008 ஆகஸ்ட்டில், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதியின் கடைசித் தோட்டாவுக்கு முன் ஃபின்லாந்து வீரருடன் சமநிலை. பிந்த்ரா சுட்டது 10.8. இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

உன்னிடம் நாற்பது அடிக் கம்பம் வேண்டியதில்லை. பிராக்டிஸில் நீ எப்போது சர்வீஸ் பழகுகிறாய்? ஆரம்பத்தில், உடம்பு தெம்பாக இருக்கும்போது, ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு வரிசையாக முப்பது. மேட்ச்சில் அப்படி முப்பது கிடைக்குமா? ஒன்றுதான் கிடைக்கும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஆகவே அப்படியே பழகு. கிரவுண்டை இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு வந்து ஒரே ஒரு சர்வீஸ். உள்ளே போனால் சரி, போகாவிட்டால் முழு டீமும் ஒரு ரவுண்டு. எல்லாரும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்துவார்கள், உன் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள், அதற்குள் நீ உன் ஆறரை நொடியைச் செய்யவேண்டும். முதல் வாரம் பாதிப்பேர் தவறவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் இதற்கு "ஓடு சர்வீஸ்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். பிந்த்ராவின் ஓடா, கிரவுண்டைச் சுற்றி ஓடுவதா, இரண்டும்தான்.

விளையாட்டாகச் செய்யவேண்டும் என்பதை மட்டும் பயிற்சியாளர்கள் கவனிக்க. தண்டனையாக மாறி ஒருத்தன் மேல் எல்லாருக்கும் எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தப்பு நடந்த பிறகு

2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது, சென்னைப் பையன் குகேஷ் முதல் ஆட்டத்தையே வெள்ளைக் காய்களோடு தோற்றார். பதினெட்டு வயது. மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சமன் செய்தார், பதினொன்றாவதில் ஜெயித்து முன்னால் போனார், பன்னிரண்டாவதில் மறுபடி தோற்றார். பதினான்காவதில் எதிராளி டிங் லிரென் செய்த ஒரு பிழை கண்ணில் பட்டதும் அவர் முகம் மாறுவதையும், உடனே பாயாமல் கொஞ்சம் நிதானித்துவிட்டுக் காயை நகர்த்துவதையும் வீடியோவில் பார்க்கலாம். 7.5-6.5 என்று ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டிக்கு மனப்பயிற்சியில் அவருக்கு உதவியவர் பேடி அப்டன், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த அதே தென்னாப்பிரிக்கர். செஸ்ஸுக்குக்கூட ஆள் வைக்கிறார்கள் என்றால், இதை வெட்கப்படும் விஷயமாக நாம் ஏன் நினைக்கவேண்டும்?

செஸ்ஸில் மறுநாள் வரைக்கும் நேரம் இருக்கிறது. வாலிபாலில் தப்புக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே பதினைந்து நொடி இருந்தால் அதிகம். அந்த நேரத்துக்கு ஓர் அசைவை வைத்துக்கொள். உள்ளங்கையை ஷார்ட்ஸில் ஒரு தடவை துடை, கோர்ட்டுக்கு முதுகு காட்டி ஒரு மூச்சு விடு, திரும்பும்போது "அடுத்தது." துடைக்கும் வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம், திரும்பிய பிறகு அது பழைய பந்து. ஏன் தவறியது என்ற ஆராய்ச்சியெல்லாம் ராத்திரி நோட்டில்.

டீம்மேட் தப்பு செய்தாலும் இதே விதி. "என்னடா பண்ற" என்று கையை விரித்துக் காட்டுவது நமக்கெல்லாம் பழகிப்போன கெட்ட வழக்கம். அவனுக்குத் தெரியாதா தான் தவறவிட்டது? அடுத்த பந்து அவனிடம் போகும்போது அவன் பந்தைப் பார்க்கமாட்டான், உன் முகத்தைத்தான் பார்ப்பான்.

எதை இலக்காக வைப்பது

"மாநில அளவில் ஜெயிக்கணும்." சரி, ஆசை இருக்கட்டும். ஆனால் நீ ஜெயிப்பது எதிராளி எப்படி ஆடுகிறான், நடுவர், வெயில், லாட் எப்படி விழுந்தது என்று ஆயிரம் விஷயத்தில் இருக்கிறது. இன்றைய ஆட்டத்துக்கு உன் கையில் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடு. 2004 சிட்னி டெஸ்ட்டில் சச்சின் ஆட்டமிழக்காமல் 241 எடுத்ததைப் பற்றி அப்பாவிடம் கேட்டுப் பார், கண் விரியச் சொல்வார். அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தி ஆட்டமிழந்துகொண்டிருந்தவர், அன்றைக்குக் கவர் டிரைவே ஆடுவதில்லை என்று முடிவெடுத்து, கிட்டத்தட்ட பத்து மணி நேரம் அந்த முடிவிலேயே நின்றார். "ரன் அடிக்கணும்" என்பதைவிட "இந்த ஷாட் கிடையாது" என்பதை ஒவ்வொரு பந்திலும் செய்து முடிக்கமுடியும். உன்னுடையது "முதல் இரண்டு ரைடில் எதிரணியின் இடது மூலையை மட்டும் பார்த்து வருவேன்" என்று இருக்கலாம்.

வீட்டில், பள்ளியில்

மேட்ச் முடிந்து அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் அந்த இருபது நிமிடம் நிறையப் பேருக்கு மேட்ச்சைவிடக் கஷ்டம். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், "அந்தப் பந்தை ஏன் விட்ட?" சண்டை போடாதே. முன்கூட்டியே, ஒரு சாதாரண நாளில், "அப்பா, மேட்ச் முடிஞ்சதும் எனக்குப் பேச முடியல, மறுநாள் பேசலாமா? அன்னிக்கு ஒரு பரோட்டா மட்டும் வாங்கிக் கொடுங்க" என்று சொல்லிப் பார். பெரும்பாலான அப்பாக்கள் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள்.

தூக்கம்: உன் வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். டியூஷன், ரெக்கார்டு நோட்டு, காலை ஐந்தரைக்குக் கிரவுண்டு என்று வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிவரை ரீல்ஸ் பார்த்தால் மேலே சொன்ன எந்த வித்தையும் பலிக்காது. பொதுத்தேர்வு எழுதும்போதும் மூச்சு, ஒற்றைச் சொல், "அடுத்த கேள்வி" எல்லாம் அப்படியே உதவும், வினாத்தாளைப் புரட்டும் அந்தக் கணத்துக்கு ஒரு வரிசையை இப்போதே உருவாக்கிக்கொள்.

இதெல்லாம் போதாத இடமும் உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். உலகமே பேசியது, திட்டியவர்களும் இருந்தார்கள். 2024 பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வாங்கினார். அவர் விலகியதைப் பலவீனம் என்று சொல்பவர்கள், தலைகீழாக விழுந்தால் கழுத்துக்கு என்ன ஆகும் என்று யோசிக்காதவர்கள். உனக்கும் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த ஆட்டமே வெறுக்கிறது, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனப்பயிற்சியால் தீரும் விஷயமில்லை. கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதே. வீட்டில் சொல், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடு, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். பயிற்சியாளர் என்ற பெயரில் யாராவது அடித்தாலோ, தொடக்கூடாத இடத்தில் தொட்டாலோ, அதை "மனசைக் கெட்டிப்படுத்துகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்.

எதிலிருந்து ஆரம்பிப்பது

எல்லாவற்றையும் இந்த வாரமே செய்ய முயன்றால் அடுத்த வாரம் எதுவும் இருக்காது. முதல் இரண்டு வாரத்துக்கு உன் வரிசை மட்டும். எழுதிப் பார், நாலைந்து அசைவுக்கு மேல் வேண்டாம். நண்பன் ஒருத்தனை போனில் வீடியோ எடுக்கச் சொல். பத்துத் தடவையும் ஒரே மாதிரி இருக்கிறதா, நேரம் ஒன்றா என்று பார். மூன்றாம் வாரத்திலிருந்து ஓடிவிட்டு வந்து செய். நாலாம் வாரம் கத்தவிடு. படுக்கும்போது மூச்சு, அதோடு ஐந்து நிமிடம் மனசுக்குள் ஆட்டம். நோட்டில் அந்த இரண்டு எண்.

குறுவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தால் தாராளம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வரிசையும் மூச்சும் போதும், மற்றதைத் தொடாதே. எங்கள் டீமுக்கு அடுத்த மேட்ச் வரும் சனிக்கிழமை. துளையைத் தேடும் பையனுக்குத்தான் முதல் சர்வீஸ்.